தாஸ்காவில் முதல் ஆண்டு: பிள்ளைகள் ஏன் மாறி மாறி நோயில் விழுகிறார்கள்?

கை, கால், வாய்ப்புண் நோய் பரவுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், தாஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பினாங்குப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் இரண்டு விதமான பேச்சு எழும். "தாஸ்காவில் சுத்தம் போதாது, அங்கிருந்துதான் பிள்ளை நோயை வாங்கி வருகிறது" என்பது ஒன்று. "வரட்டும், சின்ன வயதிலேயே எல்லாம் வந்து போனால்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறும்" என்பது மற்றொன்று. முதலாவதை நம்புகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒரு தாஸ்கா மாற்றுகிறார்கள், நோய் குறைவதில்லை. இரண்டாவதை நம்பும் வீடுகளில் நான்கு மாதக் குழந்தையின் மூச்சிரைப்பைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டு பேச்சிலும் எவ்வளவு உண்மை, எங்கே தவறு என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

## தாஸ்கா என்பது எது

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308, இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் இடம் தாஸ்கா. அதைச் சமூக நலத்துறையில் (ஜேகேஎம்) பதிந்தாக வேண்டும். நான்கு வயதுக்கு மேல் பிள்ளை போகும் பாலர் பள்ளி வேறு. அது கல்விச் சட்டத்தின் கீழ் வருவது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சட்டம் 308க்குள் வராது.

ஒரு பராமரிப்பாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றால் 3. ஒன்று முதல் மூன்று வயது வரை 5. மூன்று முதல் நான்கு வயது வரை 10. இது பாதுகாப்புக்கும் கவனிப்புக்கும் மிக முக்கியமான விதி. ஆனால் தொற்றைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான். ஆறு பராமரிப்பாளர்களும் முப்பது பிள்ளைகளும் ஒரே கூடத்தில் கலந்திருந்தால் விதி மீறப்படவில்லை. கிருமிக்கோ அது முப்பது பேர் கூடிய இடம்.

இங்கே இன்னொரு தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல மாற்றம். ஆனாலும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய்க்கு, வீட்டில் பாட்டியோ அத்தையோ இல்லையென்றால், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து சில நாட்களிலேயே தாஸ்கா வாசலில் நிற்க வேண்டிய நிலைதான்.

## நோய் ஏன் முதல் ஆண்டில் குவிகிறது

1. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் கரையும் காலம் இது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்த பிறகு அவை படிப்படியாகக் குறைந்து, ஆறு மாத அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. குழந்தையின் உடல் சொந்தமாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கும் வேளையும் தாஸ்காவில் சேரும் வேளையும் ஒன்றாக அமைகின்றன.

2. சளி என்பது ஒரே நோய் அல்ல. சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டும் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அதோடு ஆர்எஸ்வி (சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ்), அடினோ, பாராஇன்ஃபுளுவென்ஸா, பல வகைக் கொரோனா வைரஸ்கள். ஒரு வகை வந்து போனால் மற்றதற்கு முழுப் பாதுகாப்புக் கிடைக்காது. "போன மாதம் வந்த சளி இன்னும் விடவில்லை" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த வேறு வேறு வைரஸ்கள்.

3. கூட்டத்தின் கணக்கு. நான்கு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒருவரோடு ஒருவர் சேரக்கூடிய ஜோடிகள் 6. பத்துப் பிள்ளைகள் என்றால் 45. இருபது என்றால் 190. பிள்ளைகளின் எண்ணிக்கை ஐந்து மடங்காகும்போது தொற்று தாவக்கூடிய வழிகள் முப்பது மடங்குக்கு மேல் பெருகுகின்றன. ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்கா, வேலைக்குப் போகும் பெற்றோர் என்று ஒரு வீடே இருக்கிறது.

4. வயதின் இயல்பு. தவழும் குழந்தை உலகத்தை வாயால்தான் அறிகிறது. ஒரு பிளாஸ்டிக் பந்து பத்து நிமிடத்தில் மூன்று வாய்களுக்குப் போய்வரும். ஆர்எஸ்வி கடினமான பரப்பில் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் இரண்டுக்கும் மிகச் சில துகள்களே போதும்.

5. அறிகுறிக்கு முன்பே பரவுதல். காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளே இன்ஃபுளுவென்ஸா அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கலாம். மூக்கு ஒழுகும் பிள்ளையைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் பாதிப் பரவல் முடிந்திருக்கும்.

இந்த ஐந்தில் தாஸ்காவின் தூய்மையோடு நேரடித் தொடர்புள்ளது நான்காவது மட்டுமே. மிகச் சிறந்த தாஸ்காவிலும் முதல் ஆண்டில் நோய் வரும் என்பதற்கு மற்ற நான்கும் போதும். தூய்மை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். நோய் வந்ததை மட்டும் வைத்துப் பராமரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதுதான்.

## எத்தனை முறை வந்தால் இயல்பு

வீட்டில் வளரும் சிறு குழந்தைக்கே ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி வருவது வழக்கம். தாஸ்காவுக்குப் போகும் குழந்தைக்கு அது 10, 12 வரை போகலாம். ஒரு சளி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடிக்கும். இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும். ஆண்டுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் என்றால் நூறு நாட்கள் ஆகிவிட்டன. "எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது" என்று தாய் சொல்வது மிகைப்படுத்தல் அல்ல, கணக்கே அப்படித்தான்.

பின்லாந்தில் பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. பராமரிப்பு மையத்தில் சேர்வதற்கு முன், மாதத்திற்குச் சுமார் 4 நாள் சளி, காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்று அறிகுறிகளோடு இருந்த குழந்தைகள், சேர்ந்த இரண்டாவது மாதத்தில் 10 நாளுக்கு மேல் அப்படி இருந்தார்கள். அதன் பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்கி, சுமார் ஒன்பது மாதத்தில் மாதத்திற்கு 6 நாள் அளவுக்கு வந்தது. சேர்ந்த இரண்டாவது மாதம்தான் உச்சம். நம் வீடுகளில் "இந்தத் தாஸ்கா ஒத்துவரவில்லை" என்று முடிவெடுத்து வேறு இடத்திற்கு மாற்றுவதும் ஏறக்குறைய அந்த வேளையில்தான். அங்கே புதிய பிள்ளைகள், புதிய வைரஸ்கள்.

அடிக்கடி சளி வருவதாலேயே பிள்ளை பலவீனமானது என்றோ திருஷ்டி பட்டது என்றோ கலங்க வேண்டியதில்லை. இரண்டு நோய்களுக்கு இடையில் பிள்ளை நன்றாக விளையாடுகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எடை ஏறாமல் நிற்பது, நிமோனியா திரும்பத் திரும்ப வருவது, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று பலமுறை வருவது ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

## கை, கால், வாய்ப்புண் நோய்

சளிக்கு அடுத்து தாஸ்காக்களைக் கதிகலங்க வைப்பது இதுதான். காக்ஸாக்கி ஏ16, ஏ6, என்டரோ வைரஸ் 71 போன்ற குடல் வைரஸ்கள் இதற்குக் காரணம். தொற்றிய மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல் வரும். பிறகு வாய்க்குள் புண், உள்ளங்கை, உள்ளங்கால், சில சமயம் புட்டத்திலும் சிவந்த கொப்புளங்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரம் பத்து நாளில் தாமாகவே தேறிவிடுவார்கள். பயப்பட வைப்பது என்டரோ வைரஸ் 71. 1997இல் சரவாக்கில் அது பரவியபோது பல குழந்தைகள் இறந்தார்கள். 2018இல் நோய் மீண்டும் பெருகியபோது பினாங்கில் சில தாஸ்காக்களும் பாலர் பள்ளிகளும் தற்காலிகமாக மூடப்பட்டன. 2022இல் நாடு முழுவதும் மே மாதத்திற்குள்ளேயே எண்ணிக்கை 30,000ஐக் கடந்தது.

2022இல் ஏன் அப்படிப் பெருகியது? கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தாஸ்காக்கள் மூடியும் பாதி மூடியும் இருந்தன. 2020, 2021இல் பிறந்த குழந்தைகளில் மிகப் பலர் இந்த வைரஸ்களைக் கண்டதே இல்லை. கதவுகள் முழுமையாகத் திறந்தபோது, வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுகளில் பிரிந்து பிரிந்து தொற்றுக்கு ஆளாகும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அகப்பட்டார்கள். தாஸ்காக்களின் தூய்மை ஓர் ஆண்டில் திடீரென்று மோசமாகிவிடவில்லை.

நம் வீடுகளில் இதை அம்மை என்று எடுத்துக்கொண்டு வேப்பிலை வைத்துவிடும் வழக்கம் இன்னும் உண்டு. வேப்பிலையால் கெடுதல் ஒன்றுமில்லை. நோயைத் தவறாக அடையாளம் காண்பதில்தான் கெடுதல். சின்னம்மையின் கொப்புளங்கள் பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில் தொடங்கிக் கடுமையாக அரிக்கும். கை, கால், வாய்ப்புண் நோயில் பிள்ளை எச்சில் ஒழுக்கிக்கொண்டு, பசித்தாலும் பாலைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் புண் தெரியும். குளிர்ந்த பால், இளநீர், கஞ்சி என்று எதையாவது சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பில் நீர் வற்றாமல் காப்பதுதான் வீட்டுச் சிகிச்சையின் மையம்.

இந்த நோயில் எளிதில் மறந்துபோகும் ஒன்று: கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும். "மருத்துவர் கடிதம் கொடுத்துவிட்டார், இனிப் பரவாது" என்பது சரியல்ல. அத்தனை வாரம் பிள்ளையை வீட்டில் வைப்பது நடைமுறையில் முடியாது. ஆகவே பேம்பர்ஸ் மாற்றும் கைதான் அந்த வாரங்களில் காவல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ரோட்டா, நோரோ வைரஸ்களால் வருவது. காதுவலி சளியின் பின்விளைவு: சிறு குழந்தைகளில் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் நீர் தேங்கிச் சீழ் பிடிக்கிறது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. கிளினிக்கில் அதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

## "வரட்டும், சக்தி ஏறும்" என்பதில் எவ்வளவு உண்மை

உண்மை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசானில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பெரிய பராமரிப்பு மையங்களுக்குப் போன பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் அடிக்கடி சளி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. ஆறு முதல் பதினொரு வயதுக்குள்ளோ அவர்களுக்கே சளி குறைவாக வந்தது. பதின்மூன்று வயதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து 2010இல் வெளியான ஆய்விலும், இரண்டரை வயதுக்கு முன் பெரிய குழுவில் சேர்ந்தவர்களுக்கு அப்போது தொற்று கூடுதல், தொடக்கப் பள்ளிக் காலத்தில் குறைவு. நெதர்லாந்தில் வயிற்றுப்போக்கைப் பற்றிச் செய்த ஆய்விலும் இதே போக்குதான்.

சீட்டுக் கட்டுவதைப் போன்றது இது. முன்கூட்டியே கட்டியவருக்குப் பின்னால் தவணை குறைவு. ஆனால் கட்டாமல் தப்பியவர் யாருமில்லை. தாஸ்கா நோயைப் புதிதாக உண்டாக்குவதைவிட அதன் காலத்தை முன்னுக்கு இழுக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

ஆனால் எந்த வயதில் வருகிறது என்பது அற்ப விஷயமல்ல. இங்கேதான் இரண்டாவது பேச்சு தவறுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆர்எஸ்வி மூக்கொழுகலோடு போய்விடலாம். நான்கு மாதக் குழந்தையின் மூச்சுக்குழாய்க் கிளைகள் அத்தனை குறுகலானவை. சிறிது வீங்கிச் சளி அடைத்தாலே மூச்சுத் திணறும். டென்மார்க்கில் 2006இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு, பராமரிப்பு மையத்தில் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் சுவாசத் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்புக் கூடுவதையும், அது கைக்குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிவதையும் காட்டியது. சின்ன வயதிலேயே தாஸ்காவுக்குப் போனால் ஆஸ்துமா வராது என்று சிலர் சொல்வதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை: டூசான் ஆய்வு அப்படி ஒரு பயனைக் கண்டது, எட்டு வயது வரை தொடர்ந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று காணவில்லை.

ஆகவே, வசதியும் ஆளும் இருக்கும் குடும்பம் முதல் ஆறு மாதமாவது, முடிந்தால் ஓர் ஆண்டு, சிறிய குழுவில் குழந்தையை வைப்பது நல்லது: பாட்டி வீடு, நம்பகமான ஒருவரிடம் இரண்டு மூன்று பிள்ளைகள். வழியில்லாதவர்கள் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டியதில்லை. அடுத்துச் சொல்பவை அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

## எவை உண்மையில் குறைக்கும்

1. தடுப்பூசி. தேசியத் திட்டத்தில் கக்குவான், ஹிப், தட்டம்மை போன்றவற்றோடு, 2020 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நிமோகோக்கல் தடுப்பூசியும் அரசு சுகாதார கிளினிக்கில் இலவசம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி 9, 12 மாதங்களில் போடப்படுகிறது. ரோட்டா, சின்னம்மை, இன்ஃபுளுவென்ஸா ஆகியவற்றுக்குத் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட வேண்டும். இதில் ரோட்டா சொட்டு மருந்தைப் பிறந்த முதல் சில மாதங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். தாஸ்காவில் சேர்த்த பிறகு நினைத்தால் காலம் கடந்திருக்கலாம்.

2. கை. வரிசை வீடுகளில் நடக்கும் தாஸ்காக்களில் பேம்பர்ஸ் மாற்றும் மெத்தை கூடத்தின் மூலையில் கிடக்கும், குழாய் சமையலறையில் இருக்கும். கையில் அழும் குழந்தையோடு பராமரிப்பாளர் எத்தனை முறை அங்கே நடப்பார்? மாற்றும் இடத்திற்கு எட்டும் தூரத்தில் குழாயும் சவர்க்காரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுவரிலுள்ள அலங்காரத்தைவிட இது முக்கியம். ஸ்பெயினில் பராமரிப்பு மையங்களில் கிருமிநாசினி ஜெல்லோடு கைத்தூய்மைப் பயிற்சியும் கொடுத்தபோது சுவாசத் தொற்று 23 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஆல்கஹால் ஜெல், கை, கால், வாய்ப்புண் நோயின் வைரஸ்களையும் நோரோ வைரஸையும் அவ்வளவாக அசைக்காது. அவற்றுக்குச் சவர்க்காரமும் ஓடும் நீரும். பொம்மைக்கும் தரைக்கும் குளோரின் கலந்த வெளுப்பான்.

3. வேலைப் பிரிவு. பேம்பர்ஸ் மாற்றும் கையே பால் கலக்கவும் சோறு ஊட்டவும் கூடாது. கைக்குழந்தைகளுக்குத் தனி அறை.

4. காற்று. நாள் முழுக்கச் சன்னலை மூடிக் குளிர்சாதனம் போட்ட அறையில் சுவாசக் கிருமி தேங்கும். புகைமூட்ட நாட்களைத் தவிர மற்ற நாட்களில் சன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் வெளியில் விளையாடட்டும்.

5. வீடு. தாய்ப்பால் தொடர்வது வயிற்றுப்போக்கையும் காதுத் தொற்றையும் குறைக்கும். வீட்டில் சிகரெட் புகைப்பது காதுத் தொற்றையும் மூச்சிரைப்பையும் கூட்டும்.

## எப்போது வீட்டில், எப்போது மருத்துவமனைக்கு

லேசான சளியோடு சுறுசுறுப்பாக விளையாடும் பிள்ளையைத் தடுத்து வைப்பதால் பரவல் பெரிதாகக் குறையாது. முன்பே சொன்னபடி அது அறிகுறிக்கு முன்பே பரவத் தொடங்கியிருக்கும். காய்ச்சல், வாந்தி, பேம்பர்ஸில் அடங்காத வயிற்றுப்போக்கு, பிள்ளை துவண்டு கிடப்பது என்றால் வீட்டில்தான் இருக்க வேண்டும். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை:

1. மூன்று மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். வேறு அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
2. வேகமாக மூச்சு விடுவது, விலா எலும்புக்கு இடையில் சதை உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது.
3. பால் குடிக்க மறுப்பது, பல மணி நேரம் சிறுநீர் இல்லாதது, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது.
4. கை, கால், வாய்ப்புண் நோயில் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறுவது, நடையில் தள்ளாட்டம், ஓயாத வாந்தி. இவை மூளையைத் தொடும் தொற்றின் அடையாளமாக இருக்கலாம்.

## காலையில் பாரசிட்டமால், பதினொரு மணிக்குத் தொலைபேசி

தாஸ்கா டீச்சர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. காலையில் மருந்து கொடுத்துப் பிள்ளையை இறக்கிவிடுவார்கள். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தணியும். "அம்மா, பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, வந்து அழைத்துப் போங்கள்" என்று அழைப்புப் போகும். அதற்குள் பிள்ளை எல்லோரோடும் விளையாடி, ஒரே விரிப்பில் படுத்து, பகிர்ந்து தின்றிருக்கும். தாய்தந்தையைத் திட்டுவது எளிது. அவர்கள் கையில் இருக்கும் விடுப்பைப் பாருங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். ஐந்து ஆண்டு வரை 12. அதற்கு மேல் 16. மருத்துவ விடுப்பு தொழிலாளி நோயுற்றால் மட்டுமே. பிள்ளை நோயுற்றால் பார்த்துக்கொள்ளத் தனியார் துறையில் சட்டப்படியான தனி விடுப்பு கிடையாது. பின்லாந்துக் குழந்தைகள் இரண்டாவது மாதம் ஒன்றிலேயே 10 நாளுக்கு மேல் நோயோடு இருந்தார்கள் என்பதை இந்த 8 நாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயுள்ள பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று தாஸ்கா சுவரில் ஒட்டும் அறிவிப்பு, இந்தக் கணக்கு மாறாதவரை, பாதி நாள்கூடக் காக்கப்படாது. பிள்ளைக்கான விடுப்பு ஆண்டுக்குச் சில நாட்களாவது சட்டத்தில் தனியாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாள் சம்பளக்காரருக்கு அது ஊதியத்தோடு வர வேண்டும்.

சட்டம் மாறும் வரை குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவு செய்யும் நாளுக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்: பகலில் அழைப்பு வந்தால் யார் போவது, இரவு ஷிப்டு வாரத்தில் யார், இருவராலும் முடியாதபோது எந்த உறவினர். முதல் மூன்று மாதத்திற்கு இருவருடைய ஆண்டு விடுப்பையும் தீபாவளிக்கென்று ஒதுக்காமல் மாற்றி மாற்றி எடுக்கத் திட்டமிடுவது நல்லது. தாஸ்காவிடமும் சேரும் முன்பே கேளுங்கள்: வேறொரு பிள்ளைக்கு நோய் கண்டால் அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவிப்பீர்களா, கைக்குழந்தை அறைக்குத் தனிப் பராமரிப்பாளர் உண்டா, நோய் நாட்களுக்கும் முழுக் கட்டணமா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நோயுள்ள பிள்ளையைக் கட்டணம் கட்டியாயிற்றே என்று அனுப்பி வைப்பதில் அந்தப் பதிலுக்கும் பங்கு உண்டு.